தலையால் சொன்ன ஓம்

பிஸ்டல் சுடும் போட்டிக்குப் போனேன் என்றால் எல்லோரும் சத்தத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். சத்தம் ஒன்றும் பெரிதில்லை. காதை மூடினால் போய்விடும். நாற்றத்துக்குத்தான் மூடி இல்லை. நாலு பக்கமும் அடைத்த மண்டபம். மேலே புகையை இழுக்க ஒரு குழாய் இருக்கிறது, அது பாதி நேரம் இழுப்பதில்லை. எரிந்த வெடிமருந்து, பிஸ்டல் எண்ணெய், ஆண்களின் வியர்வை, வாசலில் இருக்கிற கோப்பி பாரில் பொரிக்கும் கடலைமாப் பண்டம், எல்லாம் சேர்ந்து தொண்டையில் உட்கார்ந்துகொள்ளும். வீட்டுக்கு வந்து மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். அந்தச் சட்டையை மற்ற உடுப்புகளோடு சேர்த்துத் தோய்க்க என் மனைவி விடமாட்டாள். வாளியில் தனியாக ஊறப்போடுவாள். அந்தத் தண்ணீரைப் பார்த்தால் சாப்பாடு இறங்காது.

இத்தாலியில், இந்தப் பலெர்மோவில் எங்களுடைய இலங்கை ஆட்களில் பாதிப்பேர் லிபெர்த்தாத் தெருப் பக்கத்துப் பெரிய வீடுகளில் வேலை செய்கிறார்கள். நானும் செய்தேன். ஒரு கிழவரைக் குளிப்பாட்டினேன், சவரம் செய்தேன், அவர் துப்பியதைத் துடைத்தேன், அவருடைய மகளுக்கு நாள் முழுக்க ‘சி, சிஞ்ஞோரா’, ஓம் அம்மா, ஓம் அம்மா என்று சொன்னேன். கிழவர் செத்துப்போனார். எனக்குக் குடியுரிமை கிடைத்தது. அடுத்த மாதமே ஆயுதக் காவலாளி வேலைக்கு எழுதிப் போட்டேன். இனி யாருக்கும் ‘சி, சிஞ்ஞோரா’ சொல்லக்கூடாது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

இந்த வேலையில் இருப்பவன் குறிபார்த்துச் சுடும் பயிற்சியை விடாமல் செய்யவேண்டும், அது சட்டம். அதற்காகத்தான் அந்த மண்டபத்துக்குப் போகத் தொடங்கினேன். சியாகுல்லிக்குப் போகிற வழியில், மன்டரீன் தோட்டங்கள் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. முன்பு பழம் அடுக்கி வைத்த குளிர்க் கிடங்கு. சுவர் தடிப்பானபடியால் சத்தம் வெளியே போகாது. என் கை ஆடுவதில்லை என்று அங்கே இருந்தவர்கள் கண்டுபிடித்தார்கள். எனக்கும் அது பிடித்துப்போனது. அந்தச் சில நிமிடங்கள் எவனும் என்னோடு கதைக்கமாட்டான், நானும் எவனுக்கும் பதில் சொல்லத் தேவையில்லை.

கோயிலில் எங்களுடைய ஆட்களுக்கு இது பிடிக்கவில்லை. பூசை முடிந்து வெளியே வந்தால், “ஊரிலை வெடிச் சத்தத்துக்குப் பயந்து ஓடிவந்தனி, இஞ்சை காசு குடுத்துப் போய்க் கேக்கிறாய்” என்று ஒருவர் எப்படியும் கேட்பார். “அங்கை சுட்டது ஆரெண்டு எனக்குத் தெரியாது, இஞ்சை சுடுறது நான்” என்று ஒருமுறை சொன்னேன். அதற்குப் பிறகு என்னைக் கண்டால் கதையை நிறுத்திவிடுவார்கள். எனக்கு அது நிம்மதி.

மண்டபத்தில் இருந்த இத்தாலியர்கள் வேறு விதமாகச் சீண்டினார்கள். நான் எந்தத் தீவில் இருந்து வந்தவன் என்று தெரிந்த நாளில் இருந்து எனக்குப் பெயர் ‘திக்ரே’. புலி. சண்டை நடந்த காலத்தில் தொலைக்காட்சியில் பார்த்திருப்பார்கள். நான் மன்னாரில் பள்ளிக்கூடம் போன பிள்ளை, துவக்கை முதன்முதலாகக் கையால் தொட்டது பலெர்மோவில்தான் என்று எத்தனையோ முறை சொன்னேன். கண்ணைச் சிமிட்டி, “சரி சரி, நாங்கள் யாருக்கும் சொல்லமாட்டோம்” என்பார்கள். எங்களுடைய சாவு அவர்களுக்குக் கோப்பியோடு கடிக்கிற பிஸ்கட். ஆனாலும் நான் போவதை நிறுத்தவில்லை.

காரணம், அங்கே ஒரு வேலை இருந்தது. மண்டபத்தின் தலைவர் ஓடு, குளியலறைச் சாமான் விற்கிற பணக்காரர். பகலில் மண்டபத்தைப் பார்த்துக்கொள்ள, காவலாளிகளுக்குப் பயிற்சி கொடுக்க ஓர் ஆள் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தார். அந்த வேலையை எனக்குத் தருவதாக எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை. நகர்ந்து நகர்ந்து சுடும் போட்டி ஒன்றை, வெளியேற்றப்படாமல், கடைசிவரை முடித்திருக்கவேண்டும். இல்லாவிட்டால் அந்த வகைச் சுடுதலை நடத்துகிற இடத்தில் வேலை செய்ய முடியாது. முதலாவதாக வரத் தேவையில்லை. கடைசியாக வந்தாலும் சரி. இடையில் வெளியே அனுப்பப்பட்டால் பாதுகாப்புப் பயிற்சியை முதலில் இருந்து தொடங்கவேண்டும், அதற்குள் வேலை வேறு ஒருவனுக்குப் போய்விடும்.

நான் துறைமுகப் பக்கத்தில் ஒரு கொள்கலன் முற்றத்தில் இரவுக் காவல். மனைவி பகலில் ஒரு வீட்டில் வேலை. நான் படி ஏறும்போது அவள் படி இறங்குவாள். படிக்கட்டில் நின்று, கறி எந்தச் சட்டியில் இருக்கிறது, எரிவாயுக்காரன் வந்தானா என்று கதைப்போம். கலியாணம் முடித்த இரண்டு பேர் படிக்கட்டில் குடும்பம் நடத்தினோம். அந்தப் பகல் வேலை கிடைத்தால் இரவில் ஒரே நேரத்தில் சாப்பிடலாம். அவள் அதைத்தான் சொல்லிக்கொண்டு இருந்தாள். “முடிச்சுப்போட்டு மட்டும் வாங்கோ, வேறை ஒண்டும் வேண்டாம்” என்று அன்று காலையிலும் சொன்னாள்.

அன்று ஞாயிறு. அவளுடைய தம்பி, என் மச்சான், பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு என்னைக் காரில் கொண்டுபோனான். அவன் வுச்சீரியாச் சந்தையில் ஒரு பாரின் குசினியில் சமையல் வேலை. நல்லவன். அளவுக்கு மிஞ்சின மரியாதைக்காரன், அதுதான் அவனில் எனக்குப் பிடிக்காதது. கண்ணாடிக்குப் பின்னால் பார்க்க வந்தவர்களுக்கு ஒரு வாங்கு போட்டிருந்தார்கள். காதுமூடியை மாட்டிக்கொண்டு அதன் ஓரத்தில் பாதி உடம்பை வைத்து உட்கார்ந்தான். இடம் நிறைய இருந்தது.

போட்டி எப்படி என்று சொல்லவேண்டும். ஒரே இடத்தில் நின்று வட்டத்தைச் சுடுவது இல்லை. மண்டபத்துக்குள் பல இடங்களில் பலகையால் சுவரும் கதவும் செய்து வைத்திருப்பார்கள், குழு குழுவாக ஒவ்வோர் இடமாகப் போகவேண்டும். அதற்குள் நடந்து, எட்டிப் பார்த்து, அங்கங்கே நிறுத்தின காகித அட்டைகளைச் சுடவேண்டும். வேகத்துக்கும் புள்ளி, குறிக்கும் புள்ளி. ஆனால் பிஸ்டல் பின்பக்கம் திரும்பினால் வெளியே. கீழே விழுந்தால் வெளியே. சுடச் சொல்லாத நேரத்தில் துவக்கு ரவை வெடித்தால் வெளியே. அதில் பேச்சே இல்லை, பேசவும் கூடாது, நானும் அதை ஒத்துக்கொள்கிறேன். ஒவ்வோர் இடத்திலும் சுடுகிறவனுக்குப் பின்னால் ஓர் அதிகாரி, கையில் பீப் அடிக்கிற கருவியோடு நிற்பான். கட்டளை எல்லாம் இங்கிலிஷில். முதலில் ரவையைப் போட்டு ஆயத்தப்படுத்தச் சொல்வான். பிறகு “ஆர் யூ ரெடி?” ஒன்றும் சொல்லாவிட்டால் ஆயத்தம் என்று அர்த்தம். பிறகு “ஸ்டாண்ட் பை.” பிறகு பீப். பீப் அடித்தால் உருவிச் சுடலாம்.

மூன்றாவது இடத்துக்கு அதிகாரி ஒரு மருந்துக்கடைக்காரர். தலைவரும் எங்கள் குழுவில்தான் சுட்டார். அவர் போட்டிருந்த சட்டையில் அவருடைய கடையின் பெயர் முன்னும் பின்னும் இருந்தது, வயிறு அந்தப் பெயரை இரண்டாக மடித்திருந்தது. சுட்டு முடித்தவன் தன் அட்டையைப் பார்க்கப் போகும்போது மற்றவர்கள் ஓட்டைகளில் ஒட்டுத்தாள் ஒட்டவேண்டும், கீழே கிடக்கும் வெற்றுக் கோதுகளைப் பொறுக்கவேண்டும். அது எல்லோருக்கும் பொதுவான வேலை. தலைவரும் அவருடைய சிநேகிதர்களும் சுவர் ஓரமாக நின்று கைத்தொலைபேசியில் படம் பார்த்தார்கள். நான் குனிந்து பொறுக்கினேன். “திக்ரே, அந்த மூலையிலும் கிடக்கிறது” என்று ஒருவன் காலால் காட்டினான். பொறுக்கினேன். முடித்துவிட்டுப் போகவேண்டும், அவ்வளவுதான்.

முதல் இரண்டு இடங்களையும் சுட்டேன். நிதானமாகத்தான். மூன்றாவதில் நடந்தது.

எங்களுடைய ஆட்கள் ஓம் என்பதற்கு எப்படித் தலையை ஆட்டுவோம் என்று உங்களுக்குத் தெரியும். முகம் நேரே இருக்கும். காது தோளை நோக்கி இந்தப் பக்கம் ஒருக்கால், அந்தப் பக்கம் ஒருக்கால் சாயும். பலெர்மோவில் இத்தனை வருடம் இருந்து அதை நான் விட்டுவிட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கிழவரின் வீட்டிலேயே அவருடைய மகள் என்னைத் திட்டித் திட்டி விடவைத்தாள். வாயால் ‘சி’ சொல்லப் பழகினேன். ஆனால் காதை மூடி, கண்ணாடி போட்டு, மூச்சைப் பிடித்து, கண் முதல் அட்டையில் இருக்கும்போது வாய் எங்கே இருக்கிறது என்று யாருக்குத் தெரியும். பின்னால் இருந்து “ஆர் யூ ரெடி?” என்று கேட்டது. என் தலை தன்பாட்டில் ஆடியிருக்கிறது. மற்ற இரண்டு இடங்களிலும் ஆடியிருக்கும். அங்கே வேறு அதிகாரிகள், கவனிக்கவில்லை.

மருந்துக்கடைக்காரருக்கு அது ‘இல்லை’ என்று தெரிந்தது. சரி, தெரியட்டும். வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஐந்து விரலையும் குவித்து, கையை மெல்ல ஆட்டி, பொறு, ஆறுதலாகச் செய் என்று காட்டினாராம். என் முதுகுக்குப் பின்னால் நின்று. பலெர்மோக்காரனுக்குக் கைதான் வாய். ஆனால் என் முதுகில் கண் இல்லை.

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குழு சுட்டுக்கொண்டிருந்தது. என்னுடைய காதுமூடி வெடியை அடக்கும், சின்னச் சத்தத்தைப் பெரிதாக்கும் வகை. அந்தப் பக்கத்து அதிகாரி “ஸ்டாண்ட் பை” என்றார். என் காதுக்குள்ளேயே சொன்னதுபோல் கேட்டது. பீப் அடித்தது. நான் உருவி முதல் அட்டையில் இரண்டு போட்டேன். இரண்டும் நடுவில்.

பின்னால் ‘ஸ்டாப்’ என்று கத்தினார்கள். அசையாமல் நின்றேன். பிஸ்டலை வெறுமையாக்கிக் காட்டி உறைக்குள் வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். திரும்பிப் பார்த்தால் மருந்துக்கடைக்காரரின் முகம் சுண்ணாம்பு. பயந்துபோனார், அதில் அவரைக் குறை சொல்லவில்லை. “நீ வெளியே” என்றார்.

ஏன் என்று கேட்டேன். ஆயத்தமா என்று கேட்டதற்கு நான் இல்லை என்றேனாம். அப்படியென்றால் நான் இன்னும் ஆயத்தப்படுத்திக்கொண்டிருந்த ஆள். ஆயத்தப்படுத்தும்போது ரவை வெடித்தால் வெளியேற்றம். நான் ஓம் என்றுதான் சொன்னேன் என்றேன். ஓம் என்றிருந்தால் அது வெறும் அவசரத் தொடக்கம். திரும்பச் சுட விடவேண்டும். இரண்டுக்கும் நடுவில் என் தலை நின்றது.

“எதால் சொன்னாய்?” என்று கேட்டார்.

“தலையால்.”

“தலை இல்லை என்றது.”

“ஓம் என்றது.”

தலைவர் சிரிக்கத் தொடங்கினார். கிட்ட வந்து, “திக்ரே, அதை ஒருக்கால் திரும்பச் செய்து காட்டு” என்றார். செய்யவில்லை. “செய், செய், நாங்களும் பார்க்கிறோம்” என்று இரண்டு மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். ஒருவன் கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்தான். எனக்கு வேலை வேண்டும். செய்தேன். சிரித்தார்கள். இன்னொருக்கால் கேட்டார்கள், பின்னால் நின்றவனுக்குத் தெரியவில்லையாம். அதையும் செய்தேன். அதை நினைத்தால் இப்போதும் வாயில் புளித்துக்கொண்டு வருகிறது. என் தாயும் தகப்பனும் ஓம் சொன்ன விதம் அது. குரங்காட்டியின் குரங்குபோல் நின்று காட்டினேன்.

போட்டிக்குப் பெரிய அதிகாரியாக வந்திருந்தவர் திராப்பானியில் இருந்து வந்த ஒரு பெண். ஐம்பது வயது இருக்கும், பள்ளிக்கூட ஆசிரியை என்று சொன்னார்கள். அவர் வந்து இரண்டு பேர் சொன்னதையும் கேட்டார். சிரிக்கவில்லை. “இவர் இப்போது வேண்டுமென்று செய்து காட்டுவது எனக்கு உதவாது” என்றார். பிறகு கண்ணாடிக்குப் பின்னால் பார்த்து, அவர் உங்களுடைய ஆளா என்று கேட்டார். ஓம், என் மனைவியின் தம்பி என்றேன். இங்கே நடந்தது அவருக்குத் தெரியுமா? தெரியாது, காதை மூடிக்கொண்டு இருக்கிறார். என்னைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொல்லவில்லை என்ற குறைதான். வாயைத் திறக்கக்கூடாது, கையைக் காலை அசைக்கக்கூடாது என்றார். பாரில் ஒரு கோப்பி வாங்கிக்கொண்டு மச்சானிடம் போனார். நாங்கள் எல்லோரும் கதவடியில் நின்று பார்த்தோம்.

நல்ல யோசனை. மச்சான் விடிந்ததில் இருந்து கோப்பி குடிக்கவில்லை என்று காரில் வரும்போதே புலம்பினவன். கோப்பி இல்லாவிட்டால் அவனுக்குத் தலை இடிக்கும். வேண்டுமா என்று கேட்டால் தலையை ஆட்டுவான். முடிந்தது என்று நினைத்தேன்.

அந்தத் திராப்பானி அம்மா கோப்பையை நீட்டினார். மச்சான் காதுமூடியைக் கழற்றிக்கொண்டு எழுந்து நின்றான். நெஞ்சில் கையை வைத்தான். “நோ, நோ, கிராட்சியே, சிஞ்ஞோரா” என்றான். முகத்தை இடமும் வலமும் திருப்பித் திருப்பி, நல்ல திருத்தமான ‘இல்லை.’

கேட்ட உடனே வாங்கக்கூடாது. இதைச் சின்ன வயதிலேயே எங்களுக்குள் அடித்து இறக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு வீட்டுக்குப் போனால் தேத்தண்ணி வேண்டுமா என்பார்கள், வேண்டாம், இப்பதான் குடிச்சிட்டு வாறம் என்போம். வயிறு காய்ந்துபோய் இருந்தாலும் அதுதான் பதில். திரும்பக் கேட்பார்கள், திரும்ப வேண்டாம் என்போம். மூன்றாம் தரம் வாங்குவோம். கேட்கிறவனுக்கும் தெரியும், சொல்கிறவனுக்கும் தெரியும். அந்தத் திராப்பானி அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

“பார்த்தீர்களா” என்றார் மருந்துக்கடைக்காரர். தலைவர் என் தோளில் தட்டி, “கவலைப்படாதே, அடுத்த வருடம்” என்றார். என் பகல் வேலை அந்தப் பிளாஸ்டிக் கோப்பைக்குள் ஆறிக்கொண்டிருந்தது, இவன் மரியாதை காட்டிக்கொண்டு நிற்கிறான். ‘வாங்கடா நாயே’ என்று தமிழில் கத்த வாய் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கத்தியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும்.

அந்த அம்மா இன்னொருக்கால் கேட்டார். அவன் இன்னொருக்கால் மறுத்தான். இம்முறை இரண்டு கையையும் தூக்கி. எனக்குப் பின்னால் நின்றவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். அந்த மனுசி திரும்பி வந்திருக்கலாம். ஆசிரியை என்றபடியால் பொறுமை இருந்ததோ என்னவோ, நான் கோப்பி குடிப்பதில்லை, நீங்கள் எடுக்காவிட்டால் கொட்டத்தான் வேண்டும் என்று சொன்னாராம். அது போதும். மச்சானின் காது இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்கும் சாய்ந்தது. முகம் நேரே இருந்தது. கை போய்க் கோப்பையை வாங்கியது.

அம்மா அப்படியே நின்றார். “அது ஓமா, இல்லையா?” என்று அவனைக் கேட்டார். ஏதோ பிழை செய்துவிட்டேன் என்று அவன் பயந்துபோய்க் கோப்பையைத் திருப்பி நீட்டினான்.

அவர் வந்து, இல்லை என்னும்போது முகம் திரும்புகிறது, ஓம் என்னும்போது திரும்பவில்லை, வித்தியாசம் இருக்கிறது, அதிகாரி வாயால் கேட்டு உறுதிப்படுத்தியிருக்கவேண்டும் என்றார். அவசரத் தொடக்கம். திரும்பச் சுடட்டும். எனக்கும் சொன்னார், இனி வாயால் ‘சி’ சொல்லுங்கள் என்று. சரி என்றேன். வாயால்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதவே மாட்டேன். அந்த அம்மா அடுத்த குழுவுக்குப் போனதும் தொடங்கினார்கள். தலைவர் சுடுவதற்குப் போய் நின்றார். “ஆர் யூ ரெடி?” என்றதும் தலையைக் கழன்ற பம்பரம்போல் ஆட்டினார். மருந்துக்கடைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கொஞ்ச நேரத்துக்கு முன் பாதுகாப்பு, பாதுகாப்பு என்று என்னைத் துரத்தின அதே வாய். இடுப்பில் ரவை போட்ட பிஸ்டல் இருக்கிறவனோடு இப்போது பகிடி. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொருவனும் ஆட்டினான். ஒட்டுத்தாள் வேண்டுமா என்று ஒருவன் கேட்பான், மற்றவன் ஆட்டுவான். கக்கூசுக்குப் போய் வந்தவனும் ஆட்டினான். கிழட்டு ஆம்பிளைகள். பேரப்பிள்ளை கண்டவர்கள். எனக்கு அடிக்கத் தோன்றவில்லை, குமட்டிக்கொண்டு சத்திதான் வந்தது. அந்தப் புகைக்குள், அந்த நாற்றத்துக்குள், நான் கோது பொறுக்கிக்கொண்டிருந்தேன், தலைக்கு மேலே தலைகள் ஆடிக்கொண்டிருந்தன.

மிச்ச இடங்களையும் சுட்டேன். கேட்ட நேரமெல்லாம் ‘சி’ என்று கத்தினேன். பின்பாதியில் நிதானம் இல்லை, ஒரு அட்டையை முழுதாகத் தவறவிட்டேன். ஆனால் வெளியேற்றம் இல்லை. கடைசிவரை முடித்தேன்.

மச்சானிடம் வந்து, ஏன்ரா கேட்ட உடனை வாங்கேல்லை என்று கேட்டேன். அவனுக்கு அப்போதுதான் கதை தெரிந்தது.

“கேட்ட உடனை வாங்கினா என்ன நினைப்பினம் அத்தான்?”

“ஆர் நினைப்பினம்?”

“அவதான். பெரிய ஆள்போலை இருந்தா.”

“கோப்பி தாற மனுசி என்னத்தையடா நினைக்கப்போறா.”

“சீனியும் போடேல்லை” என்றான். அந்த நேரத்திலும் அவனுக்கு அதுதான் கவலை.

பரிசு கொடுத்து முடிந்தது. பாரில் எல்லோரும் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். தலைவர் என்னைக் கூப்பிட்டார். அவருடைய கடைக்கு வருகிற பெரிய ஆட்கள் நாலு பேர் அவரோடு நின்றார்கள். என் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டார். “நான் சொன்ன சொல் காப்பாற்றுகிறவன், திங்கட்கிழமையில் இருந்து எங்கள் மண்டபத்து ஆள் இவர்தான்” என்றார். அந்த நாலு பேரும் கை கொடுத்தார்கள். கேட்டது கிடைத்தது. அந்த நிமிடத்தில் நிறுத்தியிருக்கலாம். அவருக்கு நிறுத்த மனம் வரவில்லை. “திக்ரே, சந்தோசமா?” என்று கேட்டுவிட்டு, அந்த நாலு பேருக்கும் கண்ணைக் காட்டினார். பார்த்துக்கொள்ளுங்கள், இப்போது செய்வான் என்று.

எல்லோரும் என் தலையைப் பார்த்தார்கள். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. கண், மூக்கு, வாய் எல்லாம் தாண்டி, தலை எப்போது ஆடும் என்று பார்த்தார்கள். நான் கழுத்தை விறைத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் விளங்கியது. இந்த வேலை என்றால் தினமும் இதுதான். வருகிறவனுக்கெல்லாம் இதைக் காட்டுவார்கள். நான் தினமும் என் கழுத்தையே காவல் காத்துக்கொண்டு நிற்கவேண்டும். கொள்கலன் முற்றத்தில் காவல் நின்றால் கொள்கலனைக் காத்தால் போதும்.

“எனக்கு இந்த வேலை வேண்டாம், இல்லை” என்றேன்.

“இவர்களுக்கு இல்லை என்றால் ஓம்” என்றார் தலைவர். எல்லோரும் சிரித்தார்கள். என்னுடைய ‘இல்லை’யையும் எடுத்துக்கொண்டார்கள்.

பலெர்மோக்காரர் முடிவாக இல்லை என்பதற்குத் தலையை இடம் வலம் திருப்புகிறவர்கள் இல்லை. நாடியை மேலே தூக்கி, நாக்கை அண்ணத்தில் வைத்து ஒரு சொட்டுச் சத்தம் போடுவார்கள். ‘ன்ச்.’ சந்தையில் மீன் விலை கேட்கிறவனுக்கும், வழி கேட்கிறவனுக்கும், பிச்சை கேட்கிறவனுக்கும் அது ஒன்றுதான். இந்த ஊருக்கு வந்த முதல் மாதத்தில் எனக்கு எத்தனையோ கதவுகளில் அது கிடைத்தது. தலைவரின் கையைக் கழுத்தில் இருந்து எடுத்தேன். அவர் முகத்துக்கு நேரே நாடியைத் தூக்கி, அந்தச் சத்தத்தைப் போட்டேன். அவருடைய மொழியில், அவருக்கு விளங்குகிற மாதிரி.

சிரிப்பு நின்றது. “எவ்வளவு நன்றி கெட்டவர்கள்” என்று தன் ஆட்களுக்குச் சொன்னார். நான் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மச்சான் என்னைக் காரில் கொண்டுவந்தான். வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, அக்காவுக்கு நீங்களே சொல்லுங்கோ என்று சொல்லிவிட்டுப் போனான்.

சொன்னேன். மனைவி வாளிக்குள் என் சட்டையை அமுக்கிக்கொண்டே கேட்டாள். முடித்தேன் என்றதும் முகம் மலர்ந்தது. வேண்டாம் என்று சொன்னேன் என்றதும் எழும்பி நின்றாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், கைத்தொலைபேசியில் படம் பிடித்ததை, பம்பரம்போல் ஆட்டினதை, நாலு பேரும் தலையைப் பார்த்துக்கொண்டு நின்றதை. அவளும் கொதிப்பாள் என்று நினைத்தேன்.

“தலையை ஆட்டினா என்ன, கழண்டு விழுந்திடுமோ?” என்று கேட்டாள். “நான் அந்தச் சிஞ்ஞோரா வீட்டிலை ஒவ்வொரு நாளும் ஆட்டுறன். அவவின்ரை பிள்ளையளும் ஆட்டிக் காட்டிச் சிரிக்குதுகள். விருந்தாக்கள் வந்தால் கூப்பிட்டு ஆட்டச் சொல்லுவா. ஆட்டிப்போட்டுச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு வாறன். உங்களுக்கு ஒரு நாள் பொறுக்கேல்லை.”

இது எனக்கு அதுவரை தெரியாது. ஒரு நாளும் சொன்னதில்லை. படிக்கட்டில் நின்று கறிச்சட்டியைப் பற்றிக் கதைக்கிற நேரத்தில் இதைச் சொல்ல எங்கே இடம். அந்த வீட்டை விட்டு வா என்றேன். விட்டிட்டு என்ன செய்யிறது என்று கேட்டாள். உன்ரை பகல் வேலையிலை இருந்து சாப்பிடுவமோ என்று கேட்டாள். என்னை ஒருமையில் அவள் கூப்பிட்டது அன்றுதான்.

அந்த மண்டபத்துக்கு நான் பிறகு போகவில்லை. கட்டாயப் பயிற்சிக்கு வேறு இடம் பார்த்துக்கொண்டேன், அது தூரம், அங்கேயும் அதே நாற்றம். தலைவர் அந்த வேலைக்கு மருந்துக்கடைக்காரரின் மருமகனை வைத்தார். கோயிலில் மச்சான் கோப்பிக் கதையைச் சொல்லிச் சிரிக்கவைக்கிறான், அதையும் கேட்டேன். நான் சொன்ன ‘ன்ச்’ அந்தக் கதையில் இல்லை.

அவள் இன்னும் அந்த வீட்டுக்குத்தான் போகிறாள். நான் காலையில் படி ஏறும்போது அவள் இறங்குகிறாள். கறி எந்தச் சட்டியில் என்று சொல்லிவிட்டுப் போகிறாள். இண்டைக்கு ஆராவது விருந்தாக்கள் வருகினமோ என்று கேட்கவேண்டும்போல் இருக்கும். கேட்பதில்லை.